ஒரு கட்டம் பின்னால்

டெய்லரம்மாவுக்குத் தைக்கத் தெரியும், பிரிக்கத் தெரியும், படுத்த படுக்கையாக இருக்கும் ஆளைத் தோளில் சாய்த்துப் புரட்டிப் போடத் தெரியும். கம்ப்யூட்டரைப் பற்றித் தெரிந்தது இரண்டே விஷயம்தான். எந்தப் பொத்தானை அமுக்கினால் அதற்கு உயிர் வரும், எந்தத் துணியால் துடைத்தால் திரையில் கீறல் விழாது. அதற்கு மேல் தெரிந்துகொள்ள அவசியமும் வந்ததில்லை. அந்தப் பெட்டிதான் அவள் புருஷனுக்கு வாய். வாய் எப்படி வேலை செய்கிறது என்று யார் உட்கார்ந்து ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருக்கிறார்கள்?

அந்த வாய் மூடி ஆறு நாள் ஆகிறது. அதனால்தான் இன்று மத்தியானம், தையல் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு, கடைத்தெருவிலிருந்து ரிப்பேர்காரரைக் கையோடு அழைத்து வந்திருந்தாள். அம்பது வயசிருக்கும் அவருக்கு. கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு, அதையே சட்டைப்பையில் தேடுகிற ரகம்.

"என்னம்மா பிரச்னை? ஓடுதே நல்லா."

"ஓடுது சார். ஆனா இது புதுசு. இதுக்கு முன்னாடி இதே பெட்டிக்குள்ள பழசு ஒண்ணு இருந்துச்சு. அது எனக்குத் திரும்ப வேணும்."

"எல்லாரும் பழசை எடுத்துட்டுப் புதுசு போடச் சொல்லித்தான் வருவாங்க. நீங்க என்னம்மா, ரிவர்ஸ்ல போறீங்க?"

அவள் கட்டிலைக் காட்டினாள். அவர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்த பிறகு கிண்டல் பேசவில்லை.

கட்டிலில் இருந்தவரைத் தெருவில் லிஃப்ட்காரர் என்றுதான் சொல்வார்கள். இருபது வருஷத்துக்கு மேல் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேர் மூச்சு வாங்காமல் மாடி ஏறியது அவர் புண்ணியத்தில். பிறகு அவருக்கே தசைகள் ஒவ்வொன்றாக வேலைநிறுத்தம் செய்தன. முதலில் கால், அப்புறம் கை, அப்புறம் நாக்கு. கண் இமைகூட அவர் சொன்ன பேச்சைக் கேட்காது, தானாக மூடும், தானாகத் திறக்கும். அதனால் கண்ணைச் சிமிட்டிப் பதில் சொல்கிற வழியும் அடைபட்டுப் போயிற்று. மிச்சமிருந்தது வலது கைக் கட்டைவிரல். அந்த விரலுக்கு அடியில் ஒரு சின்ன ஸ்விட்ச்.

அந்த ஸ்விட்சும் கம்ப்யூட்டரும் வந்தது அவருடைய அண்ணனால். அண்ணன் கூட்டங்களுக்கு மைக்கும் ஸ்பீக்கரும் கட்டுகிறவர், பட்டப்பெயர் சவுண்டு. அவர் பேச ஆரம்பித்தால் மைக்கே தேவையில்லை என்பதற்காகவும் அந்தப் பெயர் பொருந்தும். எங்கெங்கோ விசாரித்து ஒரு புரோகிராமைக் கொண்டுவந்து போட்டார். திரையில் வரிசையாகக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு சொல். ஒரு வெளிச்சம் கட்டம் கட்டமாக நகரும். வேண்டிய சொல்லில் வெளிச்சம் வரும்போது ஸ்விட்சை அமுக்கினால் பெட்டி அந்தச் சொல்லைப் பேசும். முதல் வரிசை அவசரத்துக்கு: ஆமா, வேண்டாம், வலிக்குது, தண்ணி, திருப்பி விடு. நடுவில் எழுத்துகள், கோத்துக் கோத்து எழுத. கடைசி வரிசை மட்டும் சவுண்டின் சொந்தக் கைவரிசை: கிளம்பலாமா, போடா, வெளியே போ, அண்ணா.

அந்தக் காலத்தில் தமிழ் பேசும் மெஷின் குரல் காது கொடுத்துக் கேட்கிற மாதிரி இல்லை. சவுண்டு விடுவாரா? தன் மைக்கையே கொண்டுவந்து, சத்தம் விழும் என்று ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க இந்த அறையில் உட்கார்ந்து முந்நூற்றுச் சொச்சம் சொல்லையும் எழுத்தையும் தன் குரலில் பதிந்தார். "என் குரலும் அவன் குரலும் ஒண்ணுதானே. போன்ல பெத்த அம்மாவே மாத்திக் கூப்பிட்டிருக்கா" என்றார். கடைசியாக 'அண்ணா' என்று பதியும்போது மட்டும் நிறுத்திவிட்டுச் சிரித்தார். "பாத்தியா டெய்லரம்மா, என்னை நானே அண்ணான்னு கூப்பிட வேண்டியிருக்கு. என் தலையெழுத்து."

ஆறு வருஷம் அந்தக் குரலில்தான் லிஃப்ட்காரர் பேசினார். தண்ணி கேட்டதும், மகள் கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னதும், குழம்பில் உப்பு என்று எழுத்துக் கூட்டிக் குறை சொன்னதும் அதே குரல்தான். அது யாருடைய குரல் என்பதே டெய்லரம்மாவுக்கு மறந்து போயிருந்தது. அது அவள் புருஷன் குரல், அவ்வளவுதான்.

சனியன் போன வருஷம் வந்தது. ஒரு நாள் சளி தொண்டையில் அடைத்து லிஃப்ட்காரர் மூச்சுக்குத் திணறினார். சவுண்டும் அன்று இங்கேதான் இருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து குழாய் போட்டு உறிஞ்சி எடுத்து, மூச்சு திரும்பி வருவதற்குள் அறை முழுக்க உயிர் போய் உயிர் வந்தது. சவுண்டு கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதார். அழுகையோடு வாய் தவறி வந்துவிட்டது. "இப்படி இருக்கிறதுக்கு நீ போயே சேர்ந்திடலாம்டா."

பெட்டி நிதானமாகச் சொன்னது, "வெளியே போ."

சவுண்டுடைய குரலே சவுண்டை வெளியே போகச் சொல்லிற்று. அவரும் எழுந்து போனார். ரோஷம் அந்தக் குடும்பத்துக்குப் பொதுச்சொத்து. ஒரு வருஷமும் சொச்ச மாதங்களும் ஓடின. அண்ணன் வரவில்லை, தம்பி கூப்பிடவும் இல்லை. டெய்லரம்மா இரண்டு பக்கமும் தூது போய்ப் பார்த்து அலுத்துப் போனாள்.

இதற்கிடையில்தான் மாப்பிள்ளை வந்தார். மகளோடு வேறு ஊரில் இருப்பவர், தங்கமான மனிதர், மாமனார்மேல் அசாத்தியப் பாசம். மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்பது அந்த வீட்டின் நம்பிக்கை. அவருக்கும் அதே நம்பிக்கை இருந்ததுதான் விபரீதம். போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து, அதே பெட்டியில் புதிய சிஸ்டம் ஒன்றையும் அதில் புதிய பேச்சுப் புரோகிராமையும் ஏற்றினார். கட்டங்களைப் பழைய வரிசை மாறாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினார். வெளிச்சம் நகர்கிற வேகத்தைக்கூடக் கடிகாரம் வைத்து அளந்து அப்படியே அமைத்தார். குரல் மட்டும் புதுசு, செய்தி வாசிக்கிறவர் மாதிரி கஞ்சி போட்ட குரல். "பழசை அழிக்கல அத்தே, உள்ள இருக்கட்டும். ஆனா ஆன் பண்றப்பல்லாம் 'இதுவா அதுவா'ன்னு அரை நிமிஷம் கேட்டு நிக்கும். அந்தக் கேள்வியை எடுத்துட்டேன். நேரா புதுசுக்குப் போயிடும்" என்றார்.

டெய்லரம்மாவுக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை. சொன்னால் மாப்பிள்ளை முகம் சுருங்கும். "ரொம்ப நல்லாயிருக்கு மாப்ளே" என்றாள். அந்த ஒரு பொய்யை அவள் இன்னும் மறக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை போன் வந்தது. சவுண்டு பேசினார், ஆஸ்பத்திரியிலிருந்து. இருதய நோய், ரொம்ப முற்றிவிட்டது, டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள் என்று சவுண்டின் மனைவி, டெய்லரம்மாவின் ஓர்ப்படி, முன்தினமே சொல்லியிருந்தாள். குரலில் காற்றுதான் இருந்தது. "போனை அவன் காதுல வை டெய்லரம்மா."

அவள் ஸ்பீக்கரில் போட்டுத் தலையணை அருகே வைத்தாள்.

"டேய். அன்னைக்கு நான் சொன்னது தப்புடா. நான் அங்க வர முடியாது. நீ வர்றியா? வண்டி வெச்சுத் தூக்கிட்டு வரச் சொல்றேன். ஒரு தடவை பார்த்துடறேன்."

கட்டைவிரல் அசைந்தது. புதிய குரல் கணீரென்று சொன்னது, "வேண்டாம்."

விரல் மறுபடி அசைந்தது. "வேண்டாம்." மூன்றாம் முறையும். "வேண்டாம்." பிறகு லிஃப்ட்காரர் கண்ணிலிருந்து நீர் வடிந்து காதுக்குள் போயிற்று.

"யாருடா பேசுறது?" என்றார் சவுண்டு. "என் குரல் எங்க போச்சு?" இழுத்து இழுத்து மூச்சு வாங்கினார். "சரி, விடு. விடு."

அதற்கப்புறம் இரண்டு நாள் எதுவும் சரியாக இல்லை. லிஃப்ட்காரர் எழுத்துக் கூட்டிப் பார்த்தார். தலைகால் புரியாத எழுத்துகளாக வந்தன. "ஏங்க, மாத்திரை தரட்டுமா?" என்று கேட்டால் "வலிக்குது" என்றது பெட்டி. அவள் கொடுத்தாள். சாயங்காலம் கேட்டபோதும் "வலிக்குது". மறுபடி கொடுத்தாள். அது தூக்கமும் சேர்த்துத் தருகிற மாத்திரை. அவர் இரண்டு நாளும் பாதி மயக்கத்தில் கிடந்தார். டாக்டரிடம் போனில் சொன்னபோது, "இந்த நோய் சிலருக்கு மூளையையும் தொடும்மா. மனசைத் தயார் பண்ணிக்கோங்க" என்றார். புதன்கிழமையிலிருந்து அவர் ஸ்விட்சைத் தொடவே இல்லை. திரையைப் பார்ப்பதும் இல்லை. கதவுப் பக்கம், மடித்துச் சாத்தியிருந்த சக்கர நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை காலையில், சவுண்டு போய்விட்டார்.

அதை லிஃப்ட்காரரிடம் யாரும் சொல்லவில்லை. மகளைத் துணைக்கு வரவழைத்து விட்டுவிட்டு, தைத்த துணி கொடுக்கப் போகிறேன் என்று பொய் சொல்லித்தான் டெய்லரம்மா சாவு வீட்டுக்குப் போனாள். மூன்று முறை வேண்டாம் என்ற மனிதரிடம் என்னவென்று சொல்வது? அதைவிடப் பெரிய தடை ஒன்று இருந்தது. சொன்னால் அவர் என்ன பதில் சொல்வார்? கத்த முடியாது, எழுந்து ஓட முடியாது, சுவரில் முட்டிக்கொள்ள முடியாது. வாயும் இல்லாத நேரத்தில் ஒரு மனிதன் தலையில் சாவுச் செய்தியைப் போட்டுவிட்டு அவள் எப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து இருப்பாள்? அவருடைய பழைய வாய் வரட்டும், அன்றைக்குச் சொல்கிறேன், திட்டினால் திட்டட்டும் என்று முடிவு கட்டினாள். அவர் உள்ளே இன்னும் இருக்கிறாரா என்பதும் அப்போது தெரிந்துவிடும். இந்தக் கடைசி எண்ணத்தை அவள் மகளிடம்கூடச் சொல்லவில்லை.

சாவு வீட்டில் ஓர்ப்படி அவளைக் கட்டிக்கொண்டு சொன்னது வேறு அடிக்கடி காதில் கேட்டுக்கொண்டிருந்தது. "கடைசி நாள் பூரா ஒரே பேச்சும்மா. 'ஒண்ணு பின்னாடி, ஒண்ணு பின்னாடி.' கையால வேற காட்டுறார். தலகாணி பின்னாடி போகணுமோன்னு நர்சும் நானும் தள்ளித் தள்ளி வெச்சோம். இல்லேன்னு தலைய ஆட்டுறார். அப்புறம் சிரிக்கிறார். என்னன்னே புரியல. புத்தி பேதலிச்சிடுச்சு போல."

ரிப்பேர்காரர் பெட்டியை அணைத்து மறுபடி போட்டார். அணைத்தார், போட்டார். தன் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துச் செருகினார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளாக ஓடின.

"இருக்கா சார்?"

"இருக்கும்மா. ஹார்டு டிஸ்கைப் பாதி பாதியா பிரிச்சு ரெண்டு குடித்தனம் வெச்சிருக்காங்க. பழசு அது பாட்டுக்கு அந்தப் பாதியில உக்காந்திருக்கு, ஒரு ஃபைலும் போகல. வாசல்ல யாரு வேணும்னு கேக்கற லிஸ்டைத்தான் எடுத்துட்டாங்க. அதனால புதுசு மட்டும் வெளிய வருது."

"அப்போ கொண்டு வந்திடலாமா?"

"வந்திடலாம். யாரு செஞ்சது இந்த வேலை?"

"தெரிஞ்சவங்க" என்றாள் டெய்லரம்மா. மாப்பிள்ளையை ரிப்பேர்காரரிடம் விட்டுக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

லிஸ்ட் வந்தது. இரண்டு வரி. ரிப்பேர்காரர் இரண்டாவது வரிக்கு இறங்கித் தட்டினார். திரை இருண்டது. மூலையில் ஒரு கோடு மட்டும் விட்டு விட்டுச் சிமிட்டிக்கொண்டு நின்றது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். டெய்லரம்மா கையில் இருந்த இஞ்ச் டேப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

"என்ன சார், போச்சா?"

"அவசரப்படாதீங்க. பழசு எழுந்து உக்கார ரெண்டு மூணு சின்ன ஃபைல் வேணும். புதுசு உள்ள வர்றப்போ அதுங்க மேல தன்னோடத எழுதிடுச்சு. என்கிட்ட இருக்கு, காப்பி பண்ணிப் போட்டாச் சரியாயிடும். ஆகலேன்னா அப்போ பார்ப்போம்."

அந்த 'ஆகலேன்னா' அவளை ஒரு உலுக்கு உலுக்கியது. அவர் தட்டுவதும் நிறுத்துவதும், "எங்கடா போற, இங்க வா" என்று பெட்டியை அதட்டுவதுமாக அரைமணி நேரம் போயிற்று. கட்டிலில் லிஃப்ட்காரரின் கண் கதவுப் பக்கத்திலிருந்து மெல்லத் திரும்பி ரிப்பேர்காரரின் முதுகில் நின்றதை அவள் கவனித்தாள். மெக்கானிக் அல்லவா, இன்னொருவர் வேலை செய்தால் பார்க்காமல் இருக்க முடியாது. உள்ளே இருக்கிறார் என்று அவளுக்கு அப்போதே பாதி தெரிந்துவிட்டது.

மறுபடி லிஸ்ட். மறுபடி இரண்டாவது வரி. திரை இருண்டது, கோடு சிமிட்டியது. சிமிட்டல் நின்றது. பிறகு அந்தப் பழைய நீலத் திரை வந்தது. ஓரத்தில் சவுண்டு ஒட்டிவைத்த மைக் படம், மூலையில் குப்பைத் தொட்டி, எல்லாம் போட்டது போட்டபடி இருந்தன. டெய்லரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வந்துட்டார்" என்றார் ரிப்பேர்காரர், பெட்டியை மரியாதையாகவே. "இனி ஆன் பண்ணா பழசுதான் முதல்ல நிக்கும். புதுசும் கீழ இருக்கட்டும், தொந்தரவு பண்ணாது. பேச்சுப் புரோகிராம் சரியா ஓடுதான்னு செட்டிங்க்ஸை ஒரு பார்வை பாத்துடறேன்."

ஒரு சின்னச் சன்னல் திறந்தது. அவர் கண்ணாடியைத் தூக்கி இறக்கிப் படித்தார்.

"ஒலி சரி. வேகம் சரி. இது என்னம்மா? கீழ குறிப்புன்னு யாரோ எழுதி வெச்சிருக்காங்க. 'விரல் ஒரு கட்டம் லேட்டா வருது. பார்த்து, முடிவு பண்ணி, அமுக்கறதுக்குள்ள வெளிச்சம் அடுத்த கட்டத்துக்குப் போயிடுது. வேகத்தைக் குறைச்சா அவனுக்குக் கோபம் வருது. அதனால அமுக்கினதுல இருந்து ஒண்ணு பின்னாடி எடுக்கற மாதிரி வெச்சிருக்கேன். யாரும் மாத்தாதீங்க. மாத்தினா உதை. இப்படிக்கு சவுண்டு.' யாரும்மா இந்த சவுண்டு? சரியான ஆளா இருப்பார் போல!"

டெய்லரம்மா திரையில் அந்தப் பெயரைத் தேடினாள்.

"நல்ல யோசனைம்மா இது. அவர் ஆமான்னு நினைச்சு அமுக்குவார், விரல் வேண்டாம்ல விழும், புரோகிராம் ஒண்ணு பின்னாடி போய் ஆமான்னு எடுத்துக்கும். அந்தப் புதுசுல இது இருந்திருக்காதே. அதுல எல்லாமே ஒரு கட்டம் தள்ளி..." சொல்லிக்கொண்டே திரும்பியவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

அவள் கண்முன் அந்த முதல் வரிசை ஓடியது. ஆமா, வேண்டாம், வலிக்குது, தண்ணி. ஆமா என்றால் வேண்டாம். வேண்டாம் என்றால் வலிக்குது. மாத்திரை வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சிய மனிதருக்கு அவள் தன் கையால் மாத்திரை மேல் மாத்திரையாகக் கொடுத்துத் தூங்க வைத்திருக்கிறாள். அண்ணன் கூப்பிட்டபோது ஆமா என்றிருக்கிறார். பெட்டி மாற்றிச் சொன்னதால் மறுபடி ஆமா என்றிருக்கிறார். மூன்றாவது முறையும் ஆமா.

தையல் மெஷினின் முக்காலியை இழுத்து அதில் உட்கார்ந்தாள். அப்படியே ஆடிப்போய் உட்கார்ந்திருந்தபோதுதான் ஓர்ப்படியின் குரல் மறுபடி காதில் வந்தது. ஒண்ணு பின்னாடி, ஒண்ணு பின்னாடி. கையால வேற காட்டுறார். அப்புறம் சிரிக்கிறார்.

சவுண்டு கண்டுபிடித்துவிட்டார்! வேறு குரல் வந்த பெட்டியில் வேறு செட்டிங்க்ஸ்தான் இருக்கும் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே, மூச்சு முட்டுகிற நேரத்தில், அந்த மனிதர் கணக்குப் போட்டுவிட்டார். அதைச் சொல்லிப் பார்த்திருக்கிறார். தலையணையைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். பாவிகளா என்று அவள் யாரையும் திட்ட முடியாது. அவளும் அங்கே இருந்திருந்தால் தலையணையைத்தான் தள்ளியிருப்பாள்.

ரிப்பேர்காரர் சத்தமில்லாமல் பென்டிரைவைப் பிடுங்கிப் பையில் போட்டார். "நான் வர்றேன்மா. ஏதாவதுன்னா கடைக்குச் சொல்லி அனுப்புங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். திரையைக் கட்டில் பக்கம் திருப்பினாள். ஸ்விட்சைக் கட்டைவிரலுக்கு அடியில் வைத்தாள்.

"ஏங்க. பழசு வந்துடுச்சுங்க. இப்போ பேசுங்க. நான் கேக்கறேன்."

வெளிச்சம் முதல் வரிசையில் ஓடியது. அவர் அமுக்கவில்லை. எழுத்துகளுக்கு இறங்கியது. அமுக்கவில்லை. கடைசி வரிசைக்கு வந்தது. கட்டைவிரல் அசைந்தது.

"கிளம்பலாமா?"

சவுண்டின் குரல். ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பியைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிப் பூங்காவுக்குக் கூட்டிப் போகும்போது கேட்கிற அதே உற்சாகம், கடைசியில் கொஞ்சம் தூக்கி நிறுத்துகிற அதே இழுப்பு. ஆறு நாளாகக் கதவுப் பக்கச் சக்கர நாற்காலியை அவர் ஏன் பார்த்துக்கொண்டிருந்தார் என்று டெய்லரம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் முகம் திருப்பிக்கொள்ளவில்லை. புறப்படத் தயாராக இருந்தார், அவ்வளவுதான்.

வெளிச்சம் சுற்றி வந்தது. "கிளம்பலாமா?" என்றது பெட்டி மறுபடியும். அவர் எழுத்துகளுக்குப் போனார். ஒவ்வொன்றாகக் கோத்தார். அவள் குறுக்கே பேசவில்லை. அ, ண், ண, ன். கா, த், து. பாதியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் அவர் முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இந்த ஒன்பது நாளில் அவர் சொல்லி முடிக்க நினைத்த ஒரே வாக்கியம் அது. அதை முடிக்கவிடுவதைத் தவிர அவளிடம் அவருக்குக் கொடுக்க வேறு எதுவும் இல்லை.

அண்ணன் காத்துட்டு இருப்பான்.

அவள் முக்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலோடு ஒட்டி உட்கார்ந்தாள். அவருடைய இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வலது கையைத் தொடவில்லை. அது பேச வேண்டிய கை.

"உங்க அண்ணன் காத்துட்டு இல்லைங்க" என்றாள். "செவ்வாக்கிழமை காலைல போயிட்டாருங்க. போன செவ்வாக்கிழமை. நான்தான் உங்ககிட்ட சொல்லல. நீங்க வேண்டாம்னு சொல்லிட்டீங்கன்னு நாங்க எல்லாரும் நினைச்சுட்டோம். அந்தப் புதுசு உங்க பதிலை ஒரு கட்டம் தள்ளி மாத்திச் சொல்லிடுச்சு. எனக்கு இப்போதான் தெரிஞ்சுது. இன்னைக்குத்தான். இந்த நிமிஷந்தான்."

அவர் அவளையே பார்த்தார். வெளிச்சம் யாரும் தொடாமல் கட்டம் கட்டமாக ஓடிக்கொண்டிருந்தது.

"ஆனா உங்க அண்ணனுக்குத் தெரியும்ங்க. கேளுங்க, அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. கடைசி நாள் பூரா ஒண்ணு பின்னாடி, ஒண்ணு பின்னாடின்னு சொல்லிட்டே இருந்தாராம். அக்காவுக்கு ஒண்ணும் புரியல, தலகாணியைப் பின்னாடி தள்ளித் தள்ளி வெச்சாங்களாம். அவர் சிரிச்சாராம்ங்க. நீங்க வர்றேன்னுதான் சொன்னீங்கன்னு தெரிஞ்சுதான் போயிருக்கார்."

தலையணை என்றபோது அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்புக்கு அவரிடம் மிச்சமிருந்த சத்தமும் அழுகைக்கு மிச்சமிருந்த சத்தமும் ஒன்றுதான். எது என்று டெய்லரம்மா கேட்கவில்லை. முந்தானையால் அவர் காதோரம் துடைத்தாள். துடைக்கத் துடைக்க நனைந்தது.

"என்னைத் திட்டுங்க" என்றாள். "போடான்னு சொல்லுங்க, வெளியே போன்னு சொல்லுங்க. எதையாவது சொல்லுங்க. அதுக்குத்தான் இந்தப் பாடுபட்டு இதைத் தொறந்தேன்."

வெளிச்சம் முதல் வரிசையைத் தாண்டியது. எழுத்துகளைத் தாண்டியது. கடைசி வரிசையில் கிளம்பலாமாவைக் கடந்தது, போடாவைக் கடந்தது, வெளியே போவைக் கடந்தது. கடைசிக் கட்டத்தில் வந்து, அதையும் தாண்டி அடுத்த சுற்றுக்கு மேலே ஏறியது. எப்போதும்போல் ஒரு கட்டம் லேட்டாக அவர் விரல் அமுக்கியது. எப்போதும்போல் பெட்டி ஒரு கட்டம் பின்னால் போய் எடுத்துக்கொண்டது.

"அண்ணா" என்று கூப்பிட்டது சவுண்டின் குரல்.

வெளிச்சம் ஒரு முழுச் சுற்று சுற்றி வந்தது. அவர் மறுபடி அமுக்கினார்.

"அண்ணா."